பேக்கேஜ் பெரியப்பா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே பேக்கேஜ் பெரியப்பா கிளம்பிவிடுவார். ஊருக்கு ஒருவர் உண்டு. யாருக்குப் பெரியப்பா என்று கேட்கக் கூடாது. பாஸான அத்தனை பேருக்கும்தான். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில், பக்கத்து அரசு கலைக் கல்லூரியின் பாடங்களை மேலிருந்து கீழாக எழுதியிருப்பார். கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.காம்., கணிதம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே வருடச் சம்பளம். வரலாற்றுக்கும் தமிழுக்கும் எதிரே தொகை கிடையாது. ஒரு கோடு மட்டும். "பிடிச்ச பாடம் சோறு போடாது தம்பி, தொகையைப் பாரு" என்பார்.

தொகையைப் பார்ப்பதில் தவறே இல்லை; அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கல். 2016 முதல் மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் தரும் விவரத்தில் நடுமட்டச் சம்பளம் என்றொரு கட்டம் இருக்கிறது. ஆனால் மூன்றாண்டு இளநிலைப் படிப்புகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே தொகை. தமிழும் கம்ப்யூட்டரும் ஒரே பந்தியில். அதுவும் வேலை கிடைத்தவர்களின் சம்பளம் மட்டுமே. நூறு பேர் படித்து முடித்துப் பத்துப் பேருக்கு வேலை கிடைத்தால், அந்தப் பத்துப் பேரில் நடுவில் நிற்பவர் வாங்குவதுதான் அங்கே ஏறும். மீதித் தொண்ணூறு பேர் அதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க மாட்டார்கள். பிறகு பாடவாரியான கணக்கு பெரியப்பாவுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எதிரே இருப்பது பெங்களூரில் வேலை பார்க்கும் மச்சினன் மகனின் சி.டி.சி., அதாவது அவருக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வந்தால் வரும் போனஸ் எல்லாம் அதில் அடக்கம். கைக்கு வருவது வேறு. தமிழ் படித்தவரோ அதே நேரத்தில் இரண்டு வருட பி.எட்.டில் உட்கார்ந்திருக்கிறார். சம்பளமே தொடங்காதவரைச் சம்பளத்தில் தோற்றவர் என்று எழுதியாகிவிட்டது.

அதற்காக எல்லாப் பட்டமும் ஒன்றா? இல்லை. கம்ப்யூட்டர் படித்தவருக்கு ஆரம்பச் சம்பளம் பொதுவாகக் கூடுதல்தான். ஆனால் ஆரம்பம் ஆயுளுக்கும் நிற்பதில்லை. அமெரிக்கப் பட்டதாரிகளைப் பற்றி டேவிட் டெமிங்கும் காதீம் நோரேயும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, தொழில்நுட்பப் படிப்புகளின் சம்பள முன்னிலை வேகமாகச் சுருங்குவதைக் காட்டியது. கற்ற திறன் சீக்கிரம் பழசாகிவிடுகிறது. 'முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில் அது சுருங்கும்வரை காத்திருக்க முடியுமா?' என்று கேட்கலாம். முடியாது. அதனால்தான் அந்த வீட்டுக்குச் சரியான கணக்கு மற்றவர்களைவிட அவசியம்: எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு எத்தனை மாதத்தில் வேலை கிடைத்தது, கையில் எவ்வளவு வருகிறது.

இத்தனைக்கும் பெரியப்பா படித்தது பி.ஏ. வரலாறு. ஏதாவது ஒரு பட்டம் போதும் என்ற தேர்வை எழுதி, வருவாய்த் துறையில் உதவியாளராக நுழைந்து, தாசில்தாராக ஓய்வு பெற்றவர். பென்ஷன் வாங்கும் கையால்தான் வரலாற்றுக்கு எதிரே கோடு போடுகிறார். சுட்டிக்காட்டினால் "எங்க காலம் வேற" என்பார். சரிதான். அன்றைய சம்பளக் கணக்கு இன்றைக்குச் செல்லாது என்றால், இன்றைய கணக்கை நம்பி, இன்னும் நாற்பது வருடம் உழைக்கப்போகிற பிள்ளைக்குப் பாடம் பார்ப்பது மட்டும் எப்படிச் செல்லும்?