கேள்வி-பதில்: அடித்தவர் பேர் என்ன?

கே: அரிவாள் என்றாலே திருப்பாச்சேத்தி என்கிறார்களே, அந்த ஊருக்கு மட்டும் ஏன் இத்தனை பேர்? (மேலூர்)

ப: மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலையில் திருப்புவனத்தைத் தாண்டினால் திருப்பாச்சேத்தி, சிவகங்கை மாவட்டம். வைகையை ஒட்டிய வயல்காடு. கதிர் அறுக்க, கருவேலம் வெட்ட, இளநீர் சீவ, கறி வெட்ட, கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்த என்று எல்லாவற்றுக்கும் ஆள் வந்து நிற்கும் ஊர். இத்தனை விதமான கேட்புக்கு ஈடுகொடுத்துத்தான் அங்கே கை தேறியது. 2005-இல் விஜய் நடித்த ‘திருப்பாச்சி’ வந்தபோது பேர் ஏற்கெனவே பிரபலம். அதனால்தான் படத்துக்கு அந்தப் பேரையே வைத்தார்கள்.

கே: லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடிக்கிறார்களாமே, அது மட்டமில்லையா? (திருமங்கலம்)

ப: அருமையான சரக்கு. பல டன் பாரத்துக்கு வளைந்து நிமிரவென்றே செய்த எஃகு அது. நூறு பங்கில் ஏறக்குறைய அரைப் பங்கு கரி சேர்ந்தது. சாதாரணக் கட்டுமானக் கம்பியில் இந்தக் கூர் நிற்காது.

கே: பட்டறைக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்? (உசிலம்பட்டி)

ப: தோய்ச்சலைப் பாருங்கள். சம்மட்டி அடி எல்லார் கண்ணுக்கும் தெரியும். தோய்ச்சலில்தான் ஆசாரியின் ஆயுள் அனுபவம் இருக்கிறது. செக்கச்சிவந்த அலகின் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் அமுக்குவார். முதுகில் சூடு மிச்சமிருக்கும். எடுத்து வாயைக் கல்லில் தேய்த்தால், அந்தச் சூடு கீழே இறங்கி வருவதை நிறத்திலேயே பார்க்கலாம். முதலில் வைக்கோல் மஞ்சள், அடுத்து பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். வேண்டிய நிறம் விளிம்பைத் தொட்ட கணத்தில் மறுபடி தண்ணீர். முன்கூட்டியே அமுக்கினால் எலும்பில் பட்டதும் பல் தெறிக்கும். பிந்தினால் வாய் மடங்கும். வெட்டரிவாளுக்கு ஒரு நிறம், கறிக்கத்திக்கு ஒரு நிறம். வெப்பமானி கிடையாது, கண்தான். சில விநாடி வேலை. பிழைத்தால் முழு அலகும் திரும்ப உலைக்கு.

கே: வெளிநாட்டில் ஒரு கத்திக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறார்களாமே? (கே.கே.நகர், மதுரை)

ப: ஆமாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஸ்டான் ஷா என்றொரு கைவினைஞர் இருந்தார். 14 வயதில் ஜார்ஜ் இபர்சன் என்ற குடும்ப நிறுவனத்தில் மடக்குக்கத்தி வேலை கற்கச் சேர்ந்தவர். பிற்பாடு தனியாகவே செய்தார். ஒவ்வொரு பாகமும் அவர் கையால் ஆனது. சேகரிப்பாளர்கள் வருடக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 2017-இல் அரசு பதக்கம் கொடுத்தது. 2021-இல், 94 வயதில் காலமானபோது பத்திரிகைகள் அஞ்சலி எழுதின. சேகரிப்பாளர்கள் காசு கொடுத்தது அலகுக்கு மட்டுமல்ல, அவர் பேருக்கும். முக்கால் நூற்றாண்டு உழைத்த கைக்கு அது உரிய மரியாதை.

கே: நம் ஊர் இரும்பு ஷெஃபீல்டுக்குக் குறைந்ததா? (சிவகங்கை)

ப: ஒருபோதும் இல்லை. அகழாய்வு நடந்த கொடுமணலில் இரும்பு உலைகளின் தடயமே கிடைத்திருக்கிறது. இந்தியாவில் மண்மூசையில் உருக்கிய எஃகை லண்டனில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. அவரே கொல்லர் வீட்டுப் பிள்ளை. 1819 முதல் 1822 வரை, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞருடன் சேர்ந்து, அதைப் போன்ற எஃகைச் செய்துபார்க்கப் பாடுபட்டார். அந்த இருவர் பேரும் ஏட்டில் இருக்கின்றன. மூசையை ஊதிய நம் ஆட்களில் ஒருவர் பேர்கூட இல்லை. எனக்கு ஆறாத மனக்குறை இது.

கே: எறிந்து தாக்கும் வளரியின் கதையும் அப்படித்தானா? (மானாமதுரை)

ப: அதேதான். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்தத்து வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பதை ஆங்கிலேய ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் பதிவுசெய்தார். எந்த அரண்மனை என்பது தெரிகிறது, செதுக்கியவர் யார் என்பது தெரியவில்லை.

கே: அரிவாள் சேகரிக்கிறேன் என்றால் வீட்டில் ரவுடி என்று திட்டுகிறார்கள்! (ஆரப்பாளையம்)

ப: அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போய், பதினெட்டாம்படிக் கருப்பருக்கு மக்கள் செலுத்திய ஆளுயர அரிவாள்களைக் காட்டுங்கள். அங்கே அது காவல். வீட்டில் அரிவாள்மணை, வயலில் கதிரரிவாள், பனையில் பாளை அரிவாள். இந்த மூன்றும் நமக்குச் சோறு போட்டவை. நாலு பேர் செய்யும் வெட்டுக்குத்துக்காக ஒரு தொழிலையே பழிப்பது அநியாயம்.

கே: சட்டச் சிக்கல் வருமா? (அண்ணாநகர், மதுரை)

ப: வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்குமான கத்திகளை ஆயுத விதிகள் விலக்கி வைத்திருக்கின்றன. மற்றவற்றில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுதப் பட்டியலில் வரும். நூறாண்டு கடந்த கலைப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை. வாங்குபவரின் பேர், முகவரி, போன் நம்பரைக் குறித்துவைக்கும்படி 2021-இல் காவல்துறை பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. பட்டறையில் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். ஆசாரி உங்கள் பேரை எழுதும்போது, நீங்கள் அவர் பேரை எழுதிக்கொள்ளுங்கள்.

கே: பேரம் பேசலாமா? (வாடிப்பட்டி)

ப: வேண்டாம். கரிக்கு விலை, சம்மட்டி அடிப்பவருக்குக் கூலி, பிடிக்கு மரம், இத்தனையும் போக மிஞ்சுவதுதான் ஆசாரிக்கு. நூறு ரூபாய் குறைத்தால் குறைவது அவர் வீட்டுச் செலவில்.

கே: நல்ல அரிவாளை எப்படித் தேர்வது, எப்படிக் காப்பது? (நத்தம்)

ப: இரும்பில் லேசாகத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், சத்தம் மழுங்கினால் விரிசல் இருக்கலாம். வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து நேராக ஓடுகிறதா பாருங்கள். பூண் ஆடக்கூடாது. வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசுங்கள். கூர் போனால் அடித்தவரிடமே கொண்டுபோங்கள். தன் அலகு எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதும் அவருக்குப் பாடம்.

கே: தாத்தாவின் அரிவாள் இருக்கிறது. செய்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (திருப்புவனம்)

ப: பிடிக்குப் பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இல்லையென்றால் வீட்டுப் பெரியவர்களிடம் எந்த ஊர்ப் பட்டறை, எந்த வருடம், எதற்காக வாங்கியது என்று கேட்டு எழுதிவையுங்கள். பிறகு அந்தப் பட்டறைக்கே எடுத்துப் போங்கள். தன் அப்பா கை, பாட்டன் கை எப்படி வளைக்கும் என்று பல ஆசாரிகள் பார்த்தே சொல்வார்கள். சொன்னால் அந்தப் பேரையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து நீங்கள் வாங்கும் அரிவாளுக்கு இந்த வேலை மிச்சம்: காசு கொடுக்கும்போதே பேரைக் கேட்டுவிடுங்கள், அலகில் பொறித்துத் தரவும் சொல்லுங்கள்.