ரசீது சார்

கரண்ட் ரீடிங் எடுக்க வருகிற நாள் எங்கள் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது, ஒருவரைத் தவிர. அன்று காலை ஒன்பது மணிக்கே அவர் குளித்து, விபூதி இட்டு, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையோடு கீழே இறங்கி, மீட்டர் பெட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் ரீடிங் குறிக்கிற வெள்ளை அட்டை. கையில் டார்ச். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருக்கும் தகப்பனைப் போல ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து கேட்டுக்கு வெளியே பார்த்துவிட்டு வருவார்.

கணக்கெடுக்கிறவர் வந்து தலையை நிமிர்த்துவதற்குள் சார் எண்ணைச் சொல்லிவிடுவார். வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கரெக்டு சார்" என்பார். சார் திருப்தியாகத் தலையாட்டுவார். யார் யாரைச் சோதிக்க வந்தது என்பது அந்த நேரத்தில் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும்.

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் அவருக்கு ரசீது சார் என்று பெயர். சொந்தப் பெயர் வாசல் பலகையில் இருக்கிறது, அதைத் தபால்காரர் மட்டும் படிப்பார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம்தான் அவரை விட்டது, அவர் கணக்குப் பிரிவை விடவில்லை. உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். காலை நடையில் எதிர்ப்பட்டால் "சௌக்கியமா?" என்று கேட்கமாட்டார். "தண்ணி வரி கட்டியாச்சா?" என்பார்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, முதல் 100 யூனிட் இலவசம் என்பது ஊருக்கே தெரியும். 500-க்கும் 501-க்கும் நடுவில் இருக்கிற பள்ளம் சாருக்குத்தான் தெரியும். 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரை மலிவாகக் கொடுத்ததையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்வார்கள். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு என்னிடம் நீட்டினார். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய்.

"அப்போ அந்த ஒரு யூனிட்டோட விலை என்ன தம்பி? எரநூத்தி முப்பத்து மூணு ரூபா! ஒரு யூனிட்டு! அதுல என்ன, கல்யாணமா பண்ண முடியும்?"

அதற்குப் பிறகு கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பள்ளம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே ஐம்பதாவது நாளிலிருந்து அவர் வீட்டில் நெருக்கடி நிலை. தினமும் காலை ஆறு மணிக்கு மீட்டரைப் பார்த்து, கிழித்த காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைப்பார். 470 ஆனதும் வெந்நீர் ஹீட்டருக்கு ஓய்வு. 480-ல் கிரைண்டருக்குத் தடை. "மாவு கடையில வாங்கிக்கலாம்" என்றார் ஒருமுறை. "கடை மாவு அம்பது ரூபாங்க. நம்ம கிரைண்டர் ஒரு யூனிட்டுகூட இழுக்காது" என்றார் அவர் மனைவி. சார் அசரவில்லை. "அது மளிகைத் தலைப்புல வரும். இது மின்சாரத் தலைப்பு. தலைப்பு மாத்தக் கூடாது." முப்பத்து மூன்று வருடக் கணக்குப் பிரிவு அந்த ஒரு வாக்கியத்தில் எழுந்து நின்றது.

மே மாதம், ஐம்பத்தேழாவது நாள், கணக்கு 491-ல் நிற்கும்போது கோயம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளை வந்து இறங்கினார். மாப்பிள்ளைக்கு ஏசி போடாமல் இருக்க முடியாது. போட்டால் 501. சார் அன்று இரவு மொட்டை மாடியில் பாய் விரித்து, ஜமுக்காளம் போட்டு, மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப் போனதை நான் பார்த்தேன். "கடல் காத்து எப்படி வருது பாருங்க மாப்பிள்ளை, உங்க ஊர்ல இது கிடைக்குமா?" மாப்பிள்ளை கொசுவை அடித்துக்கொண்டே கிடைக்காது என்றார்.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பில்லை மறுநாளே கட்டிவிடுவார் என்று நினைப்பீர்கள். முடியாது. ரீடிங் எடுத்த நாளிலிருந்து இருபது நாள் அவகாசம். அதில் செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது. அஷ்டமி, நவமி ஆகாது. சந்திராஷ்டமம் இரண்டேகால் நாள். ஞாயிற்றுக்கிழமை கவுண்டர் கிடையாது. மிச்சமிருக்கும் நாட்களில் ராகு காலம், எமகண்டம், காசாளர் சாப்பிடப் போகும் நேரம் எல்லாம் போகக் கையில் நிற்பது ஒன்றரை முகூர்த்தம். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதுகூடச் சுலபம், அங்கே சர்வர் டவுன் ஆகாது. பென்சிலால் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் போய்க் கட்டிவிட்டு வருவார். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அபராதம் கட்டியதில்லை.

நான் வேறு ரகம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளை அட்டை எங்கள் வீட்டில் எந்தப் பரணில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. தொகை கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும். நான் அதைப் படித்துவிட்டு, கட்ட வேண்டும் என்று மனசார நினைப்பேன். நினைத்த திருப்தியே பாதி கட்டின மாதிரி இருக்கும். இருபதாம் நாள் இரவு பதினொன்றரைக்கு, நாளைக்கு வந்து ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்கிற பயம் வந்த பிறகுதான் எனக்குக் கை ஓடும். திரையில் அந்த வட்டம் சுற்றச் சுற்ற நெஞ்சும் கூடவே சுற்றும். சார் இதைக் கேள்விப்பட்டபோது என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சர்க்கரை இருந்தும் ஜாங்கிரி சாப்பிடுகிறவனைப் பார்க்கும் பார்வை.

ஏப்ரலும் அக்டோபரும் அவருக்குப் பண்டிகை மாதங்கள். சென்னை மாநகராட்சியில் சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். சாருக்கு அதில் நூற்றுச் சொச்சம் தேறும். "அரசாங்கம் நமக்குக் காசு குடுக்கறதே அபூர்வம். அதை வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்குமா?" என்பார். ஏப்ரல் முதல் தேதி வங்கிகள் கணக்கு முடிப்புக்காக மூடியிருப்பதில் மட்டும் அவருக்கு நிரந்தர வருத்தம். வரி அலுவலகத்துக்கு ஆட்டோவில் போனால் தள்ளுபடி ஆட்டோக்காரருக்குப் போய்விடும் என்பதால், மூத்த குடிமக்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கன் தருகிறார்களே, அதில் இரண்டைக் கிழிப்பார். மிச்சமான தொகையைத் தனிக் கவரில் போட்டு, மேலே 'ஊக்கம்' என்று எழுதி வைப்பார். அந்தக் கவரிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. யாருக்கு ஊக்கம் என்பதும் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் கவுண்டர் வரிசைதான் அவருடைய ராஜ்ஜியம். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். ஒன்று தனக்கு. இன்னொன்று மூடி இல்லாத பேனா, கடன் கொடுக்க. மூடி அவர் கையில் இருக்கும். எழுதி முடித்தவர் மூடியைத் தேடும்போது சார் ஞாபகத்துக்கு வருவார், பேனா தப்பிக்காது. செக்கில் தொகையை எழுத்தால் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பார். குறுக்கே புகுந்தவர்களைக் கனைப்பினாலேயே வரிசையின் வாலுக்கு அனுப்புவார். சில்லறைக்காக ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். இப்போது வரிசையில் நாலு பேர்தான் நிற்கிறார்கள், நாலு பேரும் எழுபது தாண்டியவர்கள், எல்லோரிடமும் சொந்தப் பேனா இருக்கிறது.

ஆனால் பணம் கட்டுவதெல்லாம் வெறும் சடங்கு. அவர் போவது ரசீதுக்காக. அவர் வீட்டு ஹாலில் ஆணியில் தொங்குகிற வளைந்த கம்பி ஒன்று உண்டு. பால், பேப்பர், கேஸ், கேபிள், எல்லாம் முதலில் அதில் குத்தப்படும். மாதக் கடைசியில் அங்கிருந்து இறங்கி, தலைப்பு வாரியாகப் பிரிந்து, ஃபைலுக்குள் போகும். முப்பது வருடத்துக்கு முந்தைய டெலிபோன் பில் கேளுங்கள், காபி ஆறுவதற்குள் எடுத்து வருவார். அந்த போன் செத்துப் பத்து வருடம் ஆகிறது. "இதெல்லாம் எதுக்குங்க?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"நாளைக்கு எவனாவது கேட்டா?"

முப்பது வருடமாக எவனும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் கேட்டுவிட்டார்கள். ஓர் இணைய இணைப்பு நிறுவனம், இரண்டு வருடத்துக்கு முந்தைய பில் ஒன்று பாக்கி என்று கடிதம் அனுப்பியது. தெருவில் அன்று சாரைப் பார்த்தவர்கள் பேரன் பிறந்துவிட்டானோ என்று நினைத்தார்கள். கடிதத்தை எல்லோரிடமும் காட்டினார். "கேக்கறான் பாருங்க! கேக்கறான்!" ஃபைலை எடுத்து, உரிய வருடத்தைப் பிரித்து, உரிய மாதத்தைத் தள்ளி, ரசீதை உருவினார். என்னையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டார்.

வெள்ளைத் தாள். தேதி இல்லை, தொகை இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. மிஷினில் அடித்துக் கொடுக்கும் ரசீது மையால் அச்சிடுவது அல்ல, சூடு பட்டுக் கறுக்கிற தாள், நாள்பட்டால் தானாக வெளுத்துவிடும் என்று நான்தான் விளக்கினேன். சார் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு பேசாமல் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து, இரண்டாம் முறை கட்டிவிட்டு வந்தார். இரண்டு நாள் காபி இறங்கவில்லை.

மூன்றாம் நாள் தெளிந்து, புது ரசீதுகளையெல்லாம் லேமினேட் பண்ணிவிடுவது என்று முடிவெடுத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனார். லேமினேஷன் மிஷின் சூட்டில் ஓடுவது. சூட்டில் கறுக்கிற தாளை அதற்குள் விட்டால் என்ன ஆகும்? அடுப்புக்கரி நிறத்தில் பளபளவென்று ஓர் அட்டை வெளியே வந்தது. கடைக்காரப் பையன், "நல்லா ஒட்டியிருக்கு சார்" என்றான். முதலில் வெள்ளை, அப்புறம் கறுப்பு. அன்றிலிருந்து எந்த ரசீது வந்தாலும் உடனே ஒரு ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸுக்கும் ரசீது கேட்டாராம். பையன் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான்.

பெங்களூரில் இருக்கும் மகன் இதையெல்லாம் பொறுக்காமல், அப்பாவின் கைப்பேசியில் ஆட்டோபே வைத்துத் தருகிறேன் என்றான். தேதி வந்தால் பணம் தானே போய்விடும். சார் பதறிப்போனார். "நான் கையெழுத்துப் போடாம என் கணக்குல எப்படிடா கை வைப்பான்?" முந்தின நாளே தகவல் வரும் என்று மகன் சொல்லிப் பார்த்தான். "தகவல் வேற, அனுமதி வேற" என்றார் சார். விவகாரம் அதோடு முடிந்தது என்று நினைத்தோம். மகனுக்கு மனசு கேட்கவில்லை. வெயிலில் அப்பா அலைய வேண்டாமே என்று போன தடவை கரண்ட் பில்லைப் பெங்களூரில் உட்கார்ந்தபடி அவனே கட்டிவிட்டான். அதே காலையில், பென்சில் வட்டத்துக்குள், சார் கவுண்டரில் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டும் ஏறிவிட்டன.

அடுத்த ரீடிங் அன்று, வழக்கம்போல நாற்காலி, டார்ச், அட்டை. கணக்கெடுப்பவர் கருவியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க பணம் மிச்சம் இருக்கு சார். இந்தத் தடவை மைனஸ்ல காட்டுது. கட்ட வேண்டாம்."

சாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மார்பு ஓர் அங்குலம் முன்னால் வந்தது. மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "அவங்கதான் எனக்குத் தரணும், நான் அவங்களுக்கு இல்லை" என்று பிள்ளையார் கோயில் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் அந்த மிதப்பு நீடித்தது. அப்புறம் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். வட்டம் போட நாள் இருந்தது, கட்ட பில் இல்லை. காலை நடையில் என்னைக் கடந்தபோது தண்ணி வரி பற்றிக்கூடக் கேட்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன்.

பதினோராம் நாள், புதன்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. பையில் இரண்டு பேனா.

"தம்பி, உங்க கரண்ட் பில்லு கட்டியாச்சா?"

"இன்னும் ஒன்பது நாள் இருக்கே சார்."

"எங்க இருக்கு? நாளைக்கு அஷ்டமி. நாளன்னிக்கு வெள்ளி. சனி, ஞாயிறு சேர்ந்து வருது. அப்புறம் உங்களுக்குச் சந்திராஷ்டமம்." என் ராசி அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுப்பதற்குள் கையை நீட்டிவிட்டார். "அட்டையைக் குடுங்க, நானே கட்டிட்டு வந்துடறேன்."

பரணில் ஏறித் தேடி, கரப்பான்பூச்சியைத் தட்டி எடுத்துக் கொடுத்தேன். துடைத்து, பிரித்துப் பார்த்து, "தாளெல்லாம் காலியா இருக்கே தம்பி" என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். மதியத்துக்குள் ரசீது வந்துவிட்டது, ஜெராக்ஸ் கையில். ஒரிஜினல் எங்கே என்று கேட்டேன்.

"அது என் ஃபைல்ல இருக்கட்டும். நீங்க தொலைச்சிடுவீங்க."