நிருபர், ந.: நாளிதழ் அடிக்குறிப்பின் வகையும் தொகையும்

இவ்வாய்வின் நோக்கம், ஆய்வுக் கட்டுரைகளில் நாளிதழ்ச் செய்தியை அடிக்குறிப்பாக இடும் முறையை இனி எவருக்கும் ஐயம் எழாதபடி நிறுவுவது. இதன் தேவை, என் கட்டுரை ஒன்றை ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பியதால் எழுந்தது. செய்தி உண்மையா, அந்த நாளிதழை நான் கண்ணால் கண்டேனா என்றெல்லாம் மதிப்பீட்டாளர் கேட்கவில்லை. நாளிதழின் பெயர் சாய்வெழுத்தில் இல்லை என்பதே குறை. தமிழ் எழுத்தைச் சாய்த்தால் புயலுக்கு மறுநாள் கல்யாணப் பந்தல்போல நிற்கும் என்பது அச்சகத்தில் ஒருநாள் நின்றவருக்கும் தெரியும். ஆய்வுலகம் சாயச் சொல்கிறது, சாய்த்தேன். இவ்வாய்வின் எல்லை, எங்கள் டீக்கடையில் மாலை டீ போடத் தொடங்கியதிலிருந்து கடை அடைப்பது வரை.

முன்னோர் நெறிகள் மூன்று: ஏ.பி.ஏ. (ஏழாம் பதிப்பு, 2019), எம்.எல்.ஏ. (ஒன்பதாம் பதிப்பு, 2021, சட்டமன்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை), சிகாகோ (பதினெட்டாம் பதிப்பு, 2024). புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் எங்காவது ஒரு புள்ளி இடம் மாறும். அதைத் தேடிக்கொண்டு முனைவர் பட்ட மாணவர்கள் ஆறு மாதம் அலைவார்கள்.

இனி வகைகள். தலையங்கம்: ஆய்வாளர் இதையே தம் முடிவுரையாக இட்டுவிடுவதால் அடிக்குறிப்பு தேவைப்படுவதில்லை. ராசிபலன்: 'எதிர்கால ஆய்வுக்கான பரிந்துரைகள்' என்ற இயலில் சேர்க்க. கன்னித்தீவு படக்கதை: 1960-ல் தொடங்கிய இச்சான்று இன்னும் முடியவில்லை, முடிந்தபின் காட்டலாம். வரி விளம்பரம்: வல்லார்வாய்க் கேட்டுணர்க.

எஞ்சுவது செய்தி. செய்தியை எழுதியவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் 'நமது நிருபர்' என்றிருக்கும். குடும்பப் பெயரை முன்னால் போட்டு, மற்றதை முதலெழுத்தாகச் சுருக்கு என்பது ஏ.பி.ஏ. விதி. ஆகவே இவர் 'நிருபர், ந.' ஆகிறார். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து தகப்பனார் பெயர். அப்படியானால் 'நமது' என்பவர் நிருபரின் தகப்பனார் என்று பெறப்படும். இந்த நமது யார், எந்த ஊர், வேறு பிள்ளைகள் உண்டா என்று எந்தத் தமிழ்த்துறையும் இதுவரை ஆராயாதது வியப்பே.

நிருபர் ஒரே நாளில் தூத்துக்குடியில் மீனவரைச் சந்திக்கிறார், டெல்லியில் நாடாளுமன்ற மாடத்தில் அமர்கிறார், மாலைக்குள் ஊட்டி மலர்க் கண்காட்சியில் நிற்கிறார். சுதேசமித்திரன் நாளேடாக மாறியது 1899-ல். அக்காலம் தொட்டு எழுதுகிறார் என்று கொண்டால் நூற்றாண்டு கடந்தும் ஓய்வு பெறாத ஒரே தமிழ் எழுத்தாளர் இவர்தான். இவரளவு மேற்கோள் காட்டப்பட்டவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. ஆனாலும் பதவி உயர்வுக்கான மதிப்பெண் பட்டியலில் இவருக்குச் சுழியம், ஏனெனில் கருத்தரங்கில் கட்டுரை படித்த சான்றிதழ் ஒன்றுகூட இவரிடம் இல்லை.

சிக்கல் இத்துடன் தீரவில்லை. 'நமது சிறப்பு நிருபர்' என்று வேறொருவர் வருகிறார். இவரும் அவரும் ஒருவரே, இடையில் பட்டம் பெற்றார் என்பது ஒரு சாரார் கொள்கை. இருவர் என்பது மறுசாரார் கொள்கை. 'டெல்லி நிருபர்' என்பவருக்கு ஊர்ப்பெயர் முன்னெழுத்தாக நிற்பதால் மூவர் என்பாரும் உளர். ஔவையாருக்கு நேர்ந்த கதிதான். ஔவையாரை எண்ணியே பேராசிரியர் ஆனவர்கள் உண்டென்பதால், நிருபரை எண்ணுவதிலும் எதிர்காலம் இருக்கிறது.

அடுத்து பாடபேதம். மதுரைப் பதிப்பின் ஐந்தாம் பக்கமும் நெல்லைப் பதிப்பின் ஐந்தாம் பக்கமும் ஒன்றல்ல. சாயங்காலமே அச்சாகி ரயிலேறும் டாக் எடிஷனில் சபை அமைதியாகக் கூடியிருக்கும். நள்ளிரவு நகரப் பதிப்பில் நாற்காலி பறந்திருக்கும். இதனாலேயே சிகாகோ நெறி நாளிதழுக்குப் பக்க எண்ணைப் பொதுவாக விட்டுவிடலாம் என்கிறது. 1887-ல் சீவக சிந்தாமணியை ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பதிப்பித்த உ.வே.சா. கையில் இந்த இரு பதிப்புகளும் கிடைத்திருந்தால், நாற்காலிக்கு மட்டும் மூன்று பக்கக் குறிப்பு எழுதியிருப்பார். தேதி இன்னும் கொடியது. 'சித்திரபானு வருஷம் ஐப்பசி' என்று மட்டும் குறித்து வைத்திருந்தால் அது 1882 ஆகலாம், 1942 ஆகலாம், 2002-உம் ஆகலாம்.

மூலத்தைப் போய்ப் பார்த்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பார்க்கலாம். நூல்களை ஒப்படைக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் 1956-ல் நாளிதழ்களுக்கும் நீண்டது. அவற்றைப் பெறும் நான்கு நூலகங்களில் சென்னை கன்னிமாராவும் ஒன்று. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அதே ஊரில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு எழுந்து போக வேண்டும். மாறாக, முந்தைய ஆய்வேட்டின் அடிக்குறிப்பைப் பெயர்த்தெழுத உட்கார்ந்தால் போதும். முதல் ஆய்வேட்டில் 'ஜூன் 31' என்று தட்டச்சாகிவிட்டால் இரண்டாவதிலும் அதுவே வரும், மூன்றாவதிலும் வரும். ஏழாவது ஆய்வேட்டில், ஜூன் மாதத்துக்கு முப்பத்தொரு நாள் உண்டு என்பதற்கே அது சான்றாக நிற்கும். கமா மட்டும் ஏழிலும் சரியான இடத்தில் இருக்கும்.

இந்தக் கேட்டுக்கு விலக்கான ஒரே வகை பஜ்ஜித்தாள். இதை ஆய்வாளர் கண்ணால் காண்கிறார், கையால் தொடுகிறார். இதற்கு எந்த நெறியிலும் வடிவம் இல்லாததால் நானே வகுத்தேன்:

நிருபர், ந. (தேதி எண்ணெயில்). '...ரைக் கைது செய்யக் கோரி சாலை ம...'. [தலைப்பு கிழிந்த நாளிதழ், எழுத்தின் பருமனால் மாலைப் பதிப்பு என ஊகம்], பக்கம் 5 அல்லது 6 (பின்புறம் 'மணமகள் தேவை'), பத்தி 2, தேங்காய்ச் சட்னிக்கு மேல் நான்காம் வரி. வாழைக்காய் பஜ்ஜியுடன் பார்வையிடப்பட்டது. தொடர்ச்சி பக்கத்து பெஞ்சுக்காரர் வசம்.

இவ்வகைச் சான்றுக்கும் இப்போது இடையூறு வந்துவிட்டது. அச்சு மையில் தீங்கான பொருள்கள் இருக்கக்கூடும் என்பதால் உணவைச் செய்தித்தாளில் மடிக்க வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் அறிவுறுத்தியது. 2018-ஆம் ஆண்டின் பொட்டல விதிமுறைகள் செய்தித்தாளையும் அதுபோன்ற பிறவற்றையும் அடியோடு விலக்கின. எங்கள் டீக்கடைக்காரர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். பழைய பேப்பர் கடையில் சொல்லி வைத்து, ஒருபக்கம் மட்டும் அச்சான, வழுவழுப்பான ஏ-4 தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருக்கிறார். நேற்று எனக்கு வந்த பொட்டலம் நான்காம் இயல், பக்கம் 187. அடிக்குறிப்பில் நாளிதழின் பெயர் சாய்வெழுத்தில் இருந்தது, தேதி ஜூன் 31.

“பேப்பர்ல மடிச்சா ஃபைன் போடுறாங்க சார். இது பேப்பர் இல்ல, ஏதோ பிஎச்.டி.யாம்” என்றார். 'அதுபோன்ற பிற' என்பதில் முனைவர் பட்ட ஆய்வேடு அடங்குமா என்பதை விதிமுறை தெளிவாக்கவில்லை. அது தனி ஆய்வுக்கு உரியது.