ஜவ்வாது மலைக் கூழாங்கல்லின் வழவழப்பு: மேலோட்டமான ஓர் ஆழ்நோக்கு

1. முன்னுரை

கல் தோன்றிய நாள் முதலே கல் இருந்து வருகிறது. ஆயினும் அதன் வழவழப்பைப் பற்றிப் போதிய ஆய்வுகள் இல்லை. இக்குறையைப் போக்கவும், பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைவதாலும் இவ்வாய்வு எழுந்தது. ஆய்வு எல்லை: ஜமுனாமரத்தூர் முதல் பீமன் அருவி வரை. மழை வந்தால் டீக்கடை வரை.

2. கருதுகோள்

உருளும் கல் வழவழப்பாகும்.

3. வகைப்பாடு

அம்மி: தனி ஆய்வுக்குரியது.

ஆட்டுக்கல்: அம்மியைக் காண்க.

சார்னோக்கைட்: பல்லாவரத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் பெயரில்லாமல் கிடந்த கல். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு அதைப் பயன்படுத்தினார்கள். அதனால் 1893-இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். ஒரு கல் ஆய்வுலகில் இடம்பெற அதன் அடியில் யாராவது படுத்திருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

4. உருட்டு முறைகள்

ஆற்று முறை: செய்யாறும் கமண்டல நாகநதியும் இம்மலையில் பிறந்து, வெள்ளம் வரும்போதெல்லாம் கல்லை உருட்டுகின்றன. கால வரையறை இல்லை. மின்கட்டணமும் இல்லை.

தோல்பை முறை: குஜராத்தின் கம்பாத் நகரில் மணிக்கற்களை தேய்ப்புப் பொடியும் நீரும் சேர்த்துத் தோல்பையில் கட்டி, இருவர் எதிரெதிரே இருந்து பல நாள் உருட்டினர். முனைவர் பட்டத்துக்கும் இதுவே முறை. பைக்குள் இருப்பவர்தான் வேறு.

பீப்பாய் முறை: இந்த ஆய்வாளர் வீட்டில் கையாண்டது. சிறு ரப்பர் பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்கு கல், கல் மூழ்கத் தண்ணீர், கொஞ்சம் சிலிக்கான் கார்பைடு பொடி. மோட்டார் இரவும் பகலும் சுற்றும். முதல் வாரம் கரடுமுரடான பொடி, அடுத்த வாரம் நடுத்தரம், மூன்றாவது வாரம் நைசு, நான்காவதில் மெருகுப் பொடி. ஒவ்வொரு முறையும் கல்லை நன்றாகக் கழுவ வேண்டும். முந்தைய பொடியில் ஒரு துகள் தங்கினாலும் மெருகில் கீறல் விழும். கல்லெல்லாம் ஒரே கடினமாக இருப்பதும் முக்கியம். மெத்தென்ற கல் கலந்தால் அதுதான் தேயும். துறைக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

5. பெயராய்வு

கூழாங்கல் = கூழ் + ஆம் + கல். கல் எப்படிக் கூழாகும் என்று ஐயுறுவார் உளர். அவர்கள் பீப்பாயைத் திறந்து பார்த்தவர்கள் அல்லர். ஏழாம் நாள் மூடியைக் கழற்றியதும் உள்ளே சாம்பல் நிறத்தில், கரண்டியால் எடுத்தால் மெதுவாக வழியும் பதத்தில் இருந்தது அசல் கூழ். பதம் குறித்து ஐயமில்லை (மாமனார், நேரில் கண்டது, குண்டானைப் பார்த்து ஒரு டம்ளர் கேட்டபோது). நிறம் மட்டும் சாமைக் கூழைவிடச் சற்றுக் கறுப்பு (மனைவி, வாய்மொழித் தகவல், பாதியில் நின்றது, மீதி மறுநாள் காலை). ஓசை வேறுபடுகிறது, கூழ் கொதிக்கும்போது இரவு முழுக்கக் கடகடவென்று கேட்பதில்லை (பக்கத்து வீட்டுக்காரர், சுவருக்கு அப்பாலிருந்து, இரவு 2 மணி, "கிரைண்டரை ஆஃப் பண்ண மறந்துட்டீங்களா?" எனத் தொடங்கும் உரை, திருத்திய இரண்டாம் பதிப்பு, சொற்கள் கடுமையானவை). இக்கூழைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் சிமென்ட் போல இறுகும் என்பதும் நிறுவப்பட்டது (பிளம்பர், தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி ஆற்றிய சொற்பொழிவு, பகுதி 1 முதல் 4 வரை, கூலி தனி).

கூழ் இருந்தது. பெயரில் கூழ் இருக்கிறது. எனவே பண்டைத் தமிழர் மோட்டார் பீப்பாய் வைத்திருந்தனர் என்பது உள்ளங்கை நெல்லிக்கனி. மின்சாரம் எங்கே என்று கேட்பவர்கள் தமிழ்ப் பகைவர்கள்.

6. ஒரு சிக்கல்

இம்மலைக் கோயில்களில் புதிய கற்காலக் கற்கோடரிகளை வைத்துக் கும்பிடுகிறார்கள். இப்பகுதியின் பையம்பள்ளியில் தொல்லியல் துறை 1960-களில் அகழ்ந்தபோதும் புதிய கற்கால வாழ்விடம் வெளிப்பட்டது. நான் பார்த்த கோடரி உள்ளங்கையளவு. பின்புறம் குறுகி, முன்புறம் அகன்று, மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. முதலில் சில்லு பெயர்த்து, பிறகு கொத்திக் கொத்திச் சமன்செய்து, கடைசியில் பாறைமேல் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் வாய் மழுங்கவில்லை.

என் பீப்பாய் நான்கு வாரமும் செய்தது, கல்லிலிருந்த ஒவ்வொரு முனையையும் எடுத்ததுதான். கோடரி செய்த ஆள் வழவழப்பாக்கியது முனைக்காக. இதைக் கருதுகோளில் எங்கே செருகுவது என்று தெரியாததால், மேலாய்வுக்கு விடப்படுகிறது.

7. களச் சோதனை

மெருகேறிய கல்லை டீக்கடை ஆயாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆத்துல கெடக்கறதுதானேப்பா? இதுக்கா ஒரு மாசம் கரண்டு வுட்ட?"

வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. ஆயா குனிந்து, என் கல்லை அதன் அடியில் அண்டை கொடுத்தார். பெஞ்சு ஒரு ஆட்டம் ஆடியது. கல் நழுவி உருண்டு ரோட்டோரம் போய் நின்றது. அவர் வேலியோரம் கிடந்த கரடுமுரடான ஒரு சில்லை எடுத்துச் செருகினார்.

பெஞ்சு நின்றது. நான் உட்கார்ந்து டீ குடித்தேன்.