தினம் ஒரு கிளி

கேள்வி: மனம் வந்தால் ஒரே மூச்சில் நாலு படம் வரைகிறேன்; வராவிட்டால் மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. வழி சொல்லுங்கள்.
– ஓவிய மாணவர், ராஜபாளையம்

பதில்: பக்கத்து ஊருக்கு பஸ் ஏறுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடது கைக்கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மாதுளம்பூ மூக்கு, மரவள்ளி இலை உடல், கட்டுவதற்கு வாழைநார். செய்வதற்குச் சில மணி நேரம். ஆயுளோ ஒரே நாள்!

நேற்றைய கிளி எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்றைக்குச் செல்லாது. இலை பறிப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மாலைப் பூஜைக்குள் கிளி தயாராக வேண்டும் என்பதால், மனம் வரட்டும் என்று அந்தக் கைகள் காத்திருப்பதில்லை.

நீண்ட உழைப்புக்கு உங்கள் ஊரிலேயே சான்று உண்டு: மு.கு. ஜகந்நாத ராஜா. பாலி, பிராகிருதம் எனப் பல மொழிகள் கற்றவர். 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் பாடிய ‘ஆமுக்தமால்யதா’ காவியம் முழுவதையும் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

நீங்களும் ஒரு நேரத்தைக் குறியுங்கள். தினம் ஒரு சிறு தாள், ஒரே பொருள். ராஜபாளையம் நாயின் ஒட்டிய வயிறாகவே இருக்கட்டும். தேதி போடுங்கள். வாரக் கடைசியில் ஏழு தாள்களையும் தரையில் பரப்பி, எந்தக் கோடு தடுமாறுகிறது என்று பாருங்கள். திங்கட்கிழமை அதிலிருந்து தொடங்குங்கள்.