மோட்டார் ஆறு, மூளை எத்தனை?

கோவையிலிருந்து ஒரு மெஷின் தயாரிப்பாளர்: ஆறு சர்வோ மோட்டார் வைத்து ஒரு பேக்கிங் மெஷின் செய்கிறேன். எந்த கன்ட்ரோலர் வாங்கலாம்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் திருப்பிக் கேட்கத்தான் முடியும்: ஆறும் கைகோத்து ஓட வேண்டுமா, முறை வைத்து ஓடினால் போதுமா?

ஆக்ஸிஸ் எண்ணிக்கையைப் பார்த்து கன்ட்ரோலர் வாங்காதீர்கள். ஒன்று நின்ற பிறகு இன்னொன்று கிளம்பும் மெஷின் என்றால், போதிய பல்ஸ் அவுட்புட் உள்ள பி.எல்.சி.யே ஆறையும் சமாளிக்கும். ஓடுகிற பிலிமை நிறுத்தாமல் கூடவே ஓடி வெட்டும் கத்தி என்றால், இரண்டே ஆக்ஸிஸுக்கும் எலக்ட்ரானிக் கேம் தெரிந்த மோஷன் கன்ட்ரோலர் வேண்டும். கேட்லாக்கைத் திறக்கும் முன் ஒரு தாளில் நேரக்கோடு போட்டு, எந்த மோட்டார் எப்போது யாரோடு ஓடுகிறது என்று வரையுங்கள். பாதி விடை அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

அம்பத்தூர் வாசகர்: "இப்போதெல்லாம் ஈதர்கேட்தான், பல்ஸ் செத்துப்போச்சு" என்கிறார் டீலர். உண்மையா?

சாகவில்லை. வேகம் கேட்டால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். எங்கே வாங்கும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உங்கள் பி.எல்.சி. விநாடிக்கு 2,00,000 பல்ஸ் தரும் என்று வையுங்கள். டிரைவில் ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்று செட் செய்திருக்கிறீர்கள். அப்படியானால் விநாடிக்கு 20 சுற்று, அதாவது 1,200 ஆர்.பி.எம். மோட்டாரோ 3,000 ஆர்.பி.எம். ஓடக்கூடியது. 10 மி.மீ. லீட் உள்ள பால் ஸ்க்ரூவில் நிமிடத்துக்கு 30 மீட்டர் ஓடக் காசு கொடுத்துவிட்டு 12 மீட்டர்தான் ஓட்டுவீர்கள். எலக்ட்ரானிக் கியரை மாற்றிச் சுற்றுக்கு 4,000 பல்ஸ் ஆக்கினால் முழு வேகமும் கிடைக்கும். பதிலுக்கு, ஒரு பல்ஸுக்கு 1 மைக்ரானாக இருந்த நகர்வு 2.5 மைக்ரான் ஆகும். அட்டைப்பெட்டி வேலைக்கு அது தாராளம். நுணுக்கமான மில்லிங்குக்கு யோசிக்க வேண்டும்.

ஈதர்கேட்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 2003-இல் பெக்காஃப் நிறுவனம் அறிமுகப்படுத்தியது இது. ஒரே கேபிள் டிரைவ் டிரைவாகத் தாவிப் போகும். செய்தி எங்கும் நிற்காது. போகிற போக்கிலேயே ஒவ்வொரு டிரைவும் தனக்கானதை எடுத்துக்கொண்டு தன் பதிலை வைத்து அனுப்பிவிடும். எல்லா டிரைவ்களின் கடிகாரமும் 1 மைக்ரோ விநாடிக்குள் ஒத்துப்போகும். விநாடிக்கு 1 மீட்டர் ஓடும் இரண்டு ஆக்ஸிஸில் ஒன்று 1 மில்லி விநாடி பிந்தினால் 1 மி.மீ. தப்பு; 1 மைக்ரோ விநாடி பிந்தினால் 1 மைக்ரான்தான். அதோடு அலாரம், டார்க், பொசிஷன் எல்லாம் அதே கேபிளில் திரும்பி வரும். நாலு ஆக்ஸிஸுக்கு மேல் சேர்ந்து ஓட வேண்டுமானால் நான் பல்ஸ் பக்கமே போக மாட்டேன்.

அதே வாசகர்: ஈதர்கேட் என்று எழுதியிருந்தால் எந்த டிரைவும் எந்த கன்ட்ரோலரோடும் சேருமா?

கம்பி சேரும். மனசு சேர, இரண்டும் சி.ஐ.ஏ. 402 டிரைவ் புரொஃபைலை ஒரே மாதிரி பேச வேண்டும். ஹோமிங்கில்தான் பெரும்பாலும் இடிக்கும். ஆர்டர் போடும் முன் ஒரே ஒரு டிரைவை மேஜைமேல் வைத்து, உங்கள் கன்ட்ரோலரோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

திருப்பூரிலிருந்து: கட்டிங் டேபிளில் ஒரே பாலத்துக்கு இரண்டு பக்கமும் மோட்டார். ஒரே பல்ஸை இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்தால் என்ன?

கட்டிலை இரண்டு பேர் தூக்கும்போது ஒருவர் தடுக்கி நின்றது மற்றவருக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகுமோ, அதேதான் ஆகும். ஒரு டிரைவ் அலாரத்தில் நின்றாலும் இன்னொன்று இழுத்துக்கொண்டே போகும், பாலம் கோணும். இரு மோட்டாரையும் ஜோடியாக ஓட்டும் கேன்ட்ரி வசதி உள்ள கன்ட்ரோலர் வாங்கி, இரு பக்கமும் தனித்தனி ஹோம் சென்சார் போடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி வரம்பு மீறினால் இரண்டும் சேர்ந்து நிற்கும்படி செட் செய்யுங்கள்.

ஓசூர் வாசகர்: டிரைவில் "200–240 வோல்ட், 3 பேஸ்" என்றிருக்கிறது. நம் பட்டறையில்தான் 3 பேஸ் இருக்கிறதே?

இருக்கிறது, 415 வோல்ட்டில்! நேராகக் கொடுத்தால் டிரைவ் காலி. டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், அல்லது 400 வோல்ட் ரக டிரைவே வாங்குங்கள். சின்ன டிரைவ்கள் பலவற்றுக்கு சிங்கிள் பேஸே போதும்; மேனுவல் அனுமதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாலிடெக்னிக் மாணவர்: ஐயா, மேலும் கீழும் போகிற இசட் ஆக்ஸிஸுக்கு பிரேக் உள்ள மோட்டார் விலை அதிகம். எமர்ஜென்சி ஸ்டாப்தான் இருக்கிறதே, பிரேக் எதற்கு?

தம்பி, எமர்ஜென்சியை அழுத்தினால் டிரைவ் டார்க்கை விட்டுவிடும், புவியீர்ப்பு விடாது. கரண்ட் போகும் நேரத்திலும் அதே கதைதான்; அப்போது அந்த ஆக்ஸிஸுக்குக் கீழே ஒருவர் கை இருக்கலாம். பிரேக் இல்லாமல் இசட் செய்யவே கூடாது. அந்த பிரேக் நின்றதைப் பிடித்து வைக்கத்தான், ஓடுவதை நிறுத்த அல்ல. அதனால் பிரேக் பிடித்து முடித்த பிறகே டார்க் விடும்படி டிரைவில் நேரம் வையுங்கள்.

சிவகாசி வாசகர்: பெயர் பெற்ற பிராண்டா, பக்கத்தில் ஸ்பேர் கிடைக்கும் பிராண்டா?

ஸ்பேர் கிடைப்பது. அதோடு, கமிஷனிங் முடிந்த அன்றே எல்லா டிரைவின் பாரமீட்டர் ஃபைலையும் இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள்.