மவுத்தாகாத மெஷின்

கல்முனையில் பிரஸ் வைத்திருப்பவனிடம் ஊரார் முதலில் கேட்பது, "எப்ப கார்ட் தருவீங்க?" என்னிடம் இன்னொன்றும் கேட்பார்கள்: "ஒங்கட பழைய மெஷின் இன்னும் மவுத்தாகல்லையா காக்கா?" முதலாவதுக்கு, உலகத்து அச்சகக்காரர் எல்லாரையும் போல, "இன்ஷா அல்லாஹ், நாளைக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இரண்டாவதுக்குத்தான் பதில் நீளம்.

மெஷின் ஜெர்மன்காரன் செய்த ஹைடல்பெர்க். 1914இல் லைப்சிக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய இனம். 1985 வரை 165,000க்கு மேல் செய்து தள்ளினார்கள். இரண்டு இரும்புக் கைகள் சுழலும். ஒன்று தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க, மற்றது அடித்த தாளை வாங்கி அடுக்கும். எடை ஒரு தொன்னுக்கு மேல். அதனால்தான் பழைய இரும்பு வாங்குகிறவர் அடிக்கடி வருவார். "சும்மாதான் வந்தன்" என்பார். வாய்தான் சும்மா, கண் கிலோக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஈய எழுத்துக் கோத்த காலத்தில் எங்களுக்கு இருந்த பெரிய பிரச்சினை 'ஹ'. எழுத்து வார்ப்பவர்கள் பொதுத் தமிழுக்குக் கணக்குப் பார்த்து வார்த்தார்கள்: 'க'வும் 'த'வும் அள்ள அள்ளக் குறையாது, 'ஹ' மட்டும் ஒரு பிடி. எங்கள் ஊர்க் கலியாணக் கார்டிலோ மாப்பிள்ளை ஹனீபா, வாப்பா ஷாஹுல் ஹமீது ஹாஜியார், மாமனார் அப்துல் ஹை. ஒரு கார்டுக்கே எழுத்துக் கேஸில் 'ஹ' காலி. அடித்து முடிந்து எழுத்தைக் கலைத்துக் கேஸில் திரும்பப் போடும்வரை அடுத்த வீட்டார் காத்திருக்க வேண்டும். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கிய சித்திலெப்பை இதற்கு என்ன வழி செய்தாரோ! எண்களில் முதலில் தேய்ந்தவை 7, 8, 6. எந்தக் கார்டானாலும் தலையில் பிஸ்மிக்குப் பதிலாக 786 வேண்டுமே. 3ஐயும் 4ஐயும் பார்த்தால் இன்றைக்கும் புதுமாப்பிள்ளை மாதிரி.

கடற்கரை ஊர் என்பதால் உப்புக்காற்றுக்கு இந்த மெஷினில் ஒரு கண். இரண்டு நாள் பூட்டிவிட்டுப் போனால் மூன்றாம் நாள் தண்டுகளில் மருதாணி இட்டதுபோலத் துரு. எண்ணெய்த் துளை ஒவ்வொன்றுக்கும் சொட்டு விட வேண்டும். கழுவ மண்ணெண்ணெய் வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் நாடே கலன் ஏந்தி நின்றபோது நானும் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற மீன்பிடிக்காரர் திரும்பி, "போட்டுக்கா, அடுப்புக்கா?" என்றார். மெஷின் கழுவ என்று சொல்லியிருந்தால் அந்த வரிசையே என்னைக் கழுவியிருக்கும். "அடுப்புக்குத்தான்" என்றேன். அல்லாஹ் மன்னிப்பான்.

இந்த மெஷினின் அறிவு முழுவதும் ஒரு சின்ன வளையத்தில் இருக்கிறது. உள்ளே ஏதாவது அகப்பட்டால், சாவியோ குறடோ, மற்ற இரும்பெல்லாம் தப்பட்டும் என்று இந்த வளையம் மட்டும் உடைந்து மெஷினை நிறுத்திவிடும். உடைவதற்கென்றே செய்த சாமான். ஒருமுறை உடைந்ததை ஒரு லேத் பட்டறைத் தம்பியிடம் கொடுத்தேன். மறுநாள் இரண்டு மடங்கு தடிப்பில், பளபளவென்று கொண்டுவந்தார்.

"பலமாச் செஞ்சிரிக்கன் காக்கா. ஒங்கட ஆயிசுக்கும் ஒடையாது."

"தம்பி, இது ஒடையத்தான் வேணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒடையிற சாமானுக்குக் காசு வாங்க எனக்கு மனசு வராது" என்று, கூலி வாங்காமலே போய்விட்டார். அந்த வளையம் இப்போது என் மேசையில் தாளுக்குப் பாரமாக இருக்கிறது. உண்மையிலேயே உடையவில்லை.

சில இளைஞர்கள் வந்து மெஷினோடு செல்பி எடுத்து, "அந்தக் காலம் அந்தக் காலம்தான்" என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அந்தப் பெருமூச்சில் நம்பிக்கையில்லை. ஒரு சொட்டு எண்ணெய்க்குக்கூட ஆகாது. இந்த மெஷின் பிழைத்துக் கிடப்பது பில் புத்தகத்தால். கொழும்பில் நாலு கலரில் அடித்த கட்டுகளும் கடைசியில் நம்பர் போடவும், கிழிக்கத் துளைக்கோடு போடவும் இங்கேதான் வருகின்றன. நம்பர் பெட்டி தீப்பெட்டியளவுதான். தாள்தூசும் மையும் சேர்ந்து இறுகினால் சக்கரம் நகராது, இரண்டு பற்றுச்சீட்டில் ஒரே நம்பர் விழும். அது பள்ளிவாசல் கந்தூரிப் பற்றுச்சீட்டாக இருந்தால் நிருவாக சபையே கலைந்துவிடும். ஆகவே வேலை முடிந்ததும் பெட்டியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. இரண்டு சொட்டானால் நம்பருக்கு மீசை முளைக்கும்.

போன கிழமை ஒரு தம்பி பில் கட்டுகளோடு வந்தார். சாய்ந்தமருதுப் பக்கம் புதுக் கடையாம், வெள்ளிக்கிழமை திறப்பு.

"ஒண்டுல இருந்துதானே தம்பி?" என்று பெட்டியைக் கையில் எடுத்தேன்.

பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இல்ல காக்கா. நாலாயிரத்தி ஒண்டுல இருந்து போடுங்க. புதுக் கடையெண்டு ஆக்களுக்குத் தெரியப்படாது."